போர்க்கள விலங்கும் சோற்றுக் கடனும்

புறப்பொருட் பாடல்களைப் பயில்வோர் மன்னர்தம் வெற்றியையும் மறவர்தம் வீழ்ச்சியையும் விரித்துப் பேசுவர். அம்மன்னரைச் சுமந்து சென்ற குதிரையையும், மதிற்கதவை முட்டித் திறந்த யானையையும், பகைவர் கவர்ந்து சென்ற ஆநிரையையும் பற்றி ஓரிரு சொற்கள் கூறி அமைவர். 'குதிரை மறம்' என்னும் துறைக்குக் 'குதிரையின் வீரத்தைக் கூறுதல்' என்று ஒருவரி விளக்கம் எழுதிவிட்டு அடுத்த துறைக்குச் செல்வதே நம் வகுப்பறை வழக்கம். யானும் பல்லாண்டு அவ்வாறே கற்பித்தவன். தோட்டத்து வீட்டில் இரவு விழித்திருந்து வெளிவாரிப் பட்டத்துக்குப் படித்த நாளிலும் அவ்வொருவரி விளக்கத்தையே மனனஞ் செய்தேன். அதற்குரிய புள்ளியும் கிடைத்தது.

ஆயினும் ஒரு வினா அன்றுதொட்டு உள்ளத்தை உறுத்தி வந்தது. செஞ்சோற்றுக் கடன் என்று ஒரு கடனை நம் இலக்கியம் போற்றுகிறது. தன்னை உண்பித்த தலைவனுக்காகக் களத்தில் உயிர்கொடுத்தல் அக்கடனைக் கழித்தலாகும். மறவன் அதனை அறிந்தே உண்கிறான், அறிந்தே சாகிறான். யானையும் குதிரையும் அவ்வாறு அறிந்து உண்பனவல்ல. அவை போரை வேண்டியதில்லை. பகைவன் இன்னான் என்பதும் அவற்றுக்குத் தெரியாது. இன்னார் முதுகில் இருக்கிறார், இன்னாரே நேற்றுக் கவளம் தந்தவர் என்னும் அளவே அவை அறிந்தவை. அவ்வளவே கொண்டு அம்பின்முன் செல்கின்றன. இதுவும் கடனாகுமா? ஆகுமெனின், சுமந்து சென்று மாண்ட விலங்குக்கு மனிதன் செலுத்த வேண்டிய கடன் யாது?

இவ்வினாவோடு நம் போர்ப் பாடல்களுட் சிலவற்றை மீண்டும் படித்தால் புலவர்களிடையே ஒரு வேறுபாடு புலனாகும். விலங்கு மனிதனிடத்துக் காட்டிய பற்றைப் பாடியவர் பலர். அப்பற்றுக்கு மனிதன் தன் நெஞ்சில் என்ன வைத்திருந்தான் என்று நோக்கியவர் மிகச் சிலர். அச்சிலரே போர்ப் பாடலில் தலையாயவர் என்பது என் துணிபு.

பண்டைப் போர் ஆநிரையில் தொடங்கிற்று. தொல்காப்பியர் வெட்சித்திணைக்கு இலக்கணம் கூறுமிடத்து, பகைப்புலத்து ஆக்களைக் களவிற் கொணர்தலோடு 'ஓம்பல்' என்னும் சொல்லையும் சேர்த்தே கூறுகின்றார். கொணர்தல் மட்டும் போதாது, காத்தலும் வேண்டும் என்பது கருத்து. காப்பதற்கே கவர்ந்தேன் என்பது எக்காலத்தும் கள்வர் கூறும் நியாயந்தானே என்று என் மாணவன் ஒருவன் ஒருமுறை கேட்டான். மறுமொழி கூற இயலவில்லை. எனினும் அந்நியாயத்தைக் கூறவேண்டும் என்னும் நாணமாவது அன்றைப் போருக்கு இருந்தது. முதுகுடுமிப் பெருவழுதியை நெட்டிமையார் பாடிய புறப்பாட்டில், அம்பு விடுக்குமுன் அரண் தேடிக்கொள்ளுமாறு அறிவிக்கப்படுவோர் வரிசை ஒன்று வருகிறது. பார்ப்பாரும் பெண்டிரும் பிணியுடையோரும் மைந்தரைப் பெறாதோரும் அவ்வரிசையில் நிற்கின்றனர். அனைவர்க்கும் முன்னே நிற்பது பசு. பசு அறிவிப்பைக் கேட்டு விளங்கிக்கொள்வதன்று. அதனை வளர்ப்போன் கேட்பான், கேட்டுத் தன்னோடு ஓட்டிச் செல்வான், அதற்குரிய பொழுது அவனுக்குத் தரப்படும் என்னும் நம்பிக்கைமேல் அவ்வறிவிப்பு நிற்கிறது. இதனை வாசகர் நினைவில் வைத்துக்கொள்வாராக, பின்னர் வேண்டியிருக்கும்.

இனிக் குதிரை மறத்துக்கு வருவோம். புறநானூற்றில் அத்துறையில் அமைந்த பாடல்களுள் பொன்முடியார் பாடியது ஒன்று (299). இருவகைக் குதிரைகளை அது எதிரெதிரே நிறுத்துகிறது. ஒன்று, பருத்தியையே வேலியாக உடைய சிற்றூர்த் தலைவனின் குதிரை. உழுந்தின் சக்கையைத் தின்று வளர்ந்தது, நடையும் தளர்ந்தது. மற்றவை, பெருவேந்தனின் குதிரைகள். நெய் பெய்த உணவை உண்டு பிடரிமயிர் ஒழுங்குசெய்யப்பெற்றவை. களம் புகுந்ததும் சக்கை தின்ற குதிரை, கடல்நீரைப் பிளந்து செல்லும் தோணிபோலப் பகைப்படையைப் பிளந்து செல்கிறது. நெய்யுணவு உண்டவையோ, முருகன் கோயிலில் கலந்தொடுதற்கு உரியரல்லாத மகளிர் ஒதுங்கி நிற்பதுபோல நின்றுவிடுகின்றன.

இப்பாடலைச் சிற்றூர்த் தலைவனைப் புகழ்ந்தது என்றும், குதிரையைப் புகழ்வது உடையவனைப் புகழ்வதற்கொரு வாயில் என்றும் விளக்குவர். அது பொருந்தாது என்று கூறேன். ஆனால் பாதியளவே பொருந்தும். தலைவனைப் புகழ்வதே நோக்கமாயின் அவன் குதிரைக்கு நல்லுணவு கொடுத்தான் என்றன்றோ பாடியிருத்தல் வேண்டும்? புலவர் அவன் வறுமையை மறைக்கவில்லை. அவனிடம் கொடுப்பதற்குச் சக்கையே இருந்தது. செஞ்சோற்றுக் கடன் என்னும் கணக்கின்படி நெய்யுணவு உண்ட குதிரைகள் மிகுதியாகவும் சக்கை தின்றது குறைவாகவும் போரிட்டிருக்க வேண்டும். பொன்முடியார் அக்கணக்கைத் தலைகீழாக்குகின்றார். உண்ட உணவின் அளவுக்கு ஏற்ப வருவதன்று பற்று என்பது அவர் கண்டது. அவனிடமும் ஒன்றுமில்லை, குதிரைக்கும் ஒன்றுமில்லை. இருவரும் ஒரே முற்றத்தில் வாழ்ந்தனர். அதுவே அவர்களைப் பிணித்தது போலும். தோட்டத்து லயத்தில் ஒரு கறவை மாட்டை வைத்துக்கொண்டு ஐந்து உயிர்களைக் காத்த குடும்பங்களை அறிந்தவர்க்கு இதனை விளக்க வேண்டுவதில்லை.

இப்பாடலைக் கற்பித்த ஒருநாள், அக்குதிரைக்குப் பெயர் இல்லையா என்று ஒரு மாணவி கேட்டாள். இல்லை, புறப்பாடல்களில் வரும் குதிரையும் யானையும் பெரும்பாலும் பெயரற்றவை. ஆனால் சிறுபாணாற்றுப்படையில் நத்தத்தனார் கடையெழு வள்ளல்களைக் கூறுமிடத்து ஒரு வியப்பு உண்டு. காரி என்னும் வள்ளலின் குதிரைக்கும் காரி என்பதே பெயர். அவனோடு பொருத ஓரியின் குதிரைக்கும் ஓரி என்பதே பெயர். இதனை அணிநயமாகக் கொள்வோர் கொள்க. உடையவனும் குதிரையும் ஒரே பெயரால் அழைக்கப்பட்ட ஊரில், அப்பெயரை உரத்துக் கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பவை இரண்டு தலைகள் அல்லவா? அவளுக்கு இவ்விடை போதுமானதாக இருந்தது.

பெயர் ஒன்றாகாவிடினும் உயிர் ஒன்றாகக் கருதப்பட்ட நிலையை எருமை வெளியனார் பாடல் (273) காட்டுகிறது. சில அடிகளே உடைய சிறு பாடல் அது. போர் முடிந்து மாலையில் ஊரார் குதிரைகள் எல்லாம் திரும்பிவிட்டன. தன் மகனுக்குத் தந்தையானவன் ஏறிச்சென்ற குதிரைமட்டும் வரவில்லை என்று ஒருத்தி அரற்றுகின்றாள். வாரா குதிரையையே அவள் திரும்பத் திரும்பச் சொல்கிறாள். கணவன் வரவில்லை என்று அவள் வாய் ஓரிடத்தும் கூறவில்லை. இறுதியில் அவள் நினைவுக்கு வருவது ஒரு மரம். இரண்டு பேராறுகள் கூடுமிடத்தில் குறுக்கே நின்ற பெருமரம் சாய்ந்ததுபோல அவன் ஊர்ந்த குதிரை சாய்ந்ததோ என்கிறாள். அங்கும் சாய்ந்தது குதிரைதான், அவன் அல்லன்.

இந்த உவமையின் உண்மை எங்கள் பக்கத்தார்க்கு நன்கு தெரியும். பெருமழைக் காலத்தில் தியலும அருவிக்கு மேலுள்ள ஓடைகளில் இருபுறத்து வெள்ளமும் கூடுமிடத்தில் நிற்கும் மரம் உடனே விழுவதில்லை. நெடுநேரம் நின்று, வேரைக் கொஞ்சங் கொஞ்சமாக இழந்து, பின்பே சாயும். குறுக்கே கிடப்பதற்குப் புலவர் ஆளும் சொல் 'விலங்கு' என்னும் அடியிலிருந்தே பிறந்தது, குதிரையும் விலங்கு. இதனைச் சொல்விளையாட்டென்று கொள்ள வேண்டியதில்லை. ஆயினும் செவியில் விழாமற் போவதில்லை. அக்குதிரை ஓடிவந்திருக்கலாம். ஓடிவந்த குதிரைகள் பல. இது இருபுறத்துப் படையையும் தாங்கி அவனோடு நின்றது என்பதை, நேரிற் காணாத மனைவி உள்ளத்தால் காண்கிறாள். கணவன் இறந்தான் என்று கூறுவதற்கு அஞ்சி அவள் குதிரையை முன்னிறுத்துகின்றாள் என்பது ஓர் உண்மை. அக்குதிரைக்காகவும் அவள் நெஞ்சு நொந்தது என்பது இன்னோர் உண்மை. இரண்டனுள் ஒன்றை விட்டால் பாடல் குறைந்துவிடும்.

ஓமரின் இலியத்தில், பத்திரோக்கிளன் இறந்தபோது அக்கிலீசின் குதிரைகள் களத்தில் அசையாது நின்று கண்ணீர் உகுக்கின்றன. இறப்பில்லாத குதிரைகளை இறக்கும் மனிதருக்குக் கொடுத்துவிட்டோமே என்று சீயசு தேவன் இரங்குகிறான். உலக இலக்கியத்தில் மிக உயர்ந்த இடங்களுள் அஃது ஒன்று என்பதில் ஐயமில்லை. ஆனால் ஆங்குக் குதிரை மனிதனுக்காக அழுகிறது. நம் பாடலில் மனிதப் பெண் குதிரைக்காக அஞ்சுகிறாள். தெய்வத்தின் துணையின்றி, ஒரு வீட்டு வாயிலில் நின்றே, வெளியனார் அவ்வுயரத்தை எய்திவிட்டார்.

ஆயினும் இக்கட்டுரையின் வினாவுக்கு நேர்விடை தருவது முல்லைப்பாட்டு. நூற்றுமூன்று அடிகளையுடைய அந்நூலில் நப்பூதனார் ஒரு பாசறையைக் காட்டுகிறார். அங்கு யானையின் முதற் காட்சியே உணவை மறுப்பதாக அமைந்திருக்கிறது. கரும்பும் கதிரும் வைத்துக் கட்டிய இனிய தழையுணவை உண்ணாமல் யானை அதனால் தன் நெற்றியைத் துடைத்துக்கொள்கிறது. பயிற்சியிளைஞர் முட்கோலைக் கையிற் கொண்டு, அதற்குப் பழக்கிய வடமொழிச் சொற்களைச் சொல்லிச்சொல்லிக் கவளம் ஊட்ட முயல்கின்றனர். காட்டில் பிறந்த உயிர், வேற்றுமொழியில் ஏவப்பட்டு, வேண்டாத உணவின்முன் நிற்கிறது. இவ்விடத்தைப் பாசறை வருணனை என்று நாம் கடந்துவிடுகிறோம். எத்தனையோ தலைமுறைக்கு முன் மலையேற்றப்பட்டு, பிறர் மொழியில் பிரட்டுக்கு நிறுத்தப்பட்டவரின் பேரனாகிய யான் அவ்வாறு கடக்க இயலாமல் நின்றதுண்டு.

பின்னர் நள்ளிரவு. மன்னனுக்கு உறக்கம் வரவில்லை. ஒரு கையைப் படுக்கைமேல் ஊன்றி, ஒரு கையால் தலையைத் தாங்கி நெடுநேரம் நினைந்திருக்கிறான். அவன் நினைவில் முதலில் வருவது, வேலேறு பட்டுப் புண்மிகுந்து தன் பிடியை மறந்த யானை. அடுத்து வருவோர், உண்ட சோற்றை மெய்யாக்கிவிட்டு மடிந்த மறவர். மூன்றாவதாக வருவது, தோற்கவசத்தை ஊடுருவி அம்பு மூழ்கியதால் செவியைச் சாய்த்து உணவு கொள்ளாமல் வருந்தும் குதிரை. இந்த வரிசையை நோக்குக. நடுவில் சோற்றுக்கடன் கழித்த மனிதர், இருபுறமும் விலங்குகள். மனிதனுக்குச் சோறு என்னும் சொல் இருக்கிறது, கடன் என்னும் கருத்து இருக்கிறது, இறந்தபின் நடுகல்லும் இருக்கிறது. குதிரைக்கு இருப்பது உண்ணாமை ஒன்றே. உண்ட உணவுக்காகச் செத்தவனுக்கு அருகிலேயே உண்ண மறுக்கும் குதிரையை வைத்த நப்பூதனார், கடன் யாருடையது என்னும் வினாவை வாய்திறவாமலே கேட்டுவிட்டார். மன்னனின் உறக்கமின்மைதான் விடை. அவனால் வேறொன்றும் செய்ய இயலாது. நாளையும் போர் உண்டு. நினைந்து கிடத்தலையே அவன் செலுத்துகிறான்.

வென்றபின் அவன் இனிது துயின்றான் என்றும் நப்பூதனார் பாடுகிறார். இதனை மறைத்துவிட்டு அவ்வரசனை அருளாளனாகக் காட்டுவது திறனாய்வு ஆகாது. அவன் துயின்றான். குதிரை உண்டதா என்பது பாட்டில் இல்லை.

நக்கீரரின் நெடுநல்வாடையிலும் நள்ளிரவுப் பாசறை உண்டு. வாடைக் காற்றில் மன்னன் உறங்காமல் வெளிவந்து, புண்பட்ட வீரர்களை ஒவ்வொருவராகக் காண்கிறான். வேப்பிலை தலையிற் கட்டிய வேலோடு முன்செல்வோன் ஒருவன் காட்டிக்கொண்டு போகிறான். அக்காட்சியின் பெருமை எல்லாராலும் பேசப்படுவது. ஆனால் அங்கு மன்னன் காணச் சென்றது யானைகளைக் கொன்ற வீரரின் புண்களை. வெட்டுண்ட துதிக்கைகள் நிலத்திற் புரண்டமை அவ்வீரரின் புகழுக்கு அடைமொழியாக நின்றுவிடுகிறது. சேணம் களையப்படாத குதிரைகள் சேற்றுத் தெருவில் மேலே விழும் மழைத்துளியை உதறி நிற்கின்றன. நக்கீரர் கண் அவற்றைக் கண்டிருக்கிறது. மன்னன் கண் கண்டதாக அவர் கூறவில்லை. நெடுநல்வாடை முல்லைப்பாட்டினும் சிறந்த நூல் என்பதே பொதுவான கருத்து. மற்றை வகையில் அஃது அவ்வாறே ஆகுக. இவ்வொன்றில் நப்பூதனார் மேலே நிற்கிறார்.

அதன்பின் வந்த போர்நூல்களைப் பற்றி நீளப் பேசுவதற்கு மனம் வரவில்லை. பொய்கையாரின் களவழி நாற்பதில் பாடல்தோறும் என்னும்படி யானை வருகிறது, வந்து வீழ்கிறது. வீழ்ந்த யானை மலையாகிறது, குருதி புதுவெள்ளமாகிறது. உவமைகளின் அழகை மறுப்பதற்கில்லை. ஆனால் ஒரு யானையும் ஒருவனுக்கும் உரியதன்று. எவனும் எதனையும் இழக்கவில்லை. பரணி என்னும் நூல்வகைக்கோ, போரில் ஆயிரம் யானைகளை வென்ற வீரன்மேல் பாடுவது என்று இலக்கணமே வகுத்துவிட்டனர். உயிர் எண்ணிக்கையாகிவிட்டது. கலிங்கத்துப் பரணியில் பேய்கள் கூழடுவதற்கு யானையுடலும் குதிரையுடலும் கலமும் கருவியும் ஆகின்றன. சயங்கொண்டாரின் சந்தத்தில் மயங்காதவர் இல்லை, யானும் மயங்கியவனே. மயக்கந் தெளிந்தபின் கேட்கத் தோன்றுகிறது: அந்த யானைகளுள் ஒன்றையேனும் நீராட்டியவன் ஒருவன் இருந்திருப்பானே? யானை நீரிற் படுத்திருக்க அதன் வெண்கோட்டைக் கழுவும் ஊர்ச்சிறுவரை அதியமான்மேல் வைத்துப் பாடிய ஔவையாருக்கு (புறம். 94) அவன் தெரிந்திருந்தான்.

தமிழ் நூல்களை விடுத்து நம் மண்ணுக்கு அருகே நிகழ்ந்ததாகக் கூறப்படும் ஒன்றை இனி நோக்குவாம். கொஸ்லந்தவிலிருந்து மலையிறங்கி வெல்லவாய சென்று அப்பாற் போனால் புத்தல வரும். ஆங்குள்ள யுதகனாவத் தூபி, துட்டகைமுனுவும் அவன் தம்பி திச்சனும் பொருத இடம் என்பது வழிவழிக் கதை. தந்தை இறந்தபின் தாயையும் கண்டுலன் என்னும் யானையையும் தம்பி கைக்கொண்டான். அதனால் எழுந்தது போர். மகாவமிசம் இதனை விரிவாகக் கூறுகிறது. அந்நூலைத் தமிழர் திறந்துபார்ப்பது அரிது. திறந்தாலும் எல்லாளன் வீழ்ந்த இடத்தையே தேடுவர். அதற்கு முந்தைய இப்பகுதி படிக்கத்தக்கது.

முதற்போரில் கைமுனு தோற்று, ஒரு பெட்டைக் குதிரைமேல் ஏறித் தப்பியோடுகிறான். உடன் சென்றவன் அமைச்சன் ஒருவனே. வழியில் பசி. அமைச்சன் கொணர்ந்த உணவை அரசன் நான்கு பங்காக வகுக்கிறான்: பிக்கு சங்கத்துக்கு ஒன்று, தனக்கு ஒன்று, அமைச்சனுக்கு ஒன்று, குதிரைக்கு ஒன்று. தேரர் ஒருவர் தோன்ற, அரசனும் அமைச்சனும் தம் பங்கை அளிக்கின்றனர்; குதிரையின் விருப்பையும் குறிப்பால் அறிந்து அதன் பங்கையும் அரசன் பாத்திரத்தில் இடுகிறான். நூலாசிரியர் இதனைத் தானத்தின் சிறப்புக்காகவே எழுதினார். ஆயினும் தோற்றோடும் வழியில் அரசனும் அமைச்சனும் குதிரையும் சமமாகப் பங்கிட்டுக்கொண்ட அந்த உணவு, செஞ்சோறு என்று நாம் பேசுவனவற்றுள் எதனினும் தூயது. பொன்முடியார் இதனைக் கேட்டிருந்தால் மகிழ்ந்திருப்பார்.

இரண்டாம் போரில் கைமுனு அக்குதிரைமேல் அமர்ந்து, தம்பி ஏறியிருந்த கண்டுலனைத் தாண்டிப் பாய்கிறான். தன்மேல் இருப்பவனின் வலியின்மையால் நேர்ந்த இழிவு இது என்று யானை நாணி, அவனை உதறத் தொடங்குகிறது. தம்பி மரமேறித் தப்புகிறான். யானை பழைய தலைவனிடம் போய்ச் சேர்கிறது. இங்கு எனக்கு உடன்பாடில்லை. யானையின் பற்றை நூலாசிரியர் சாட்சியாக்குகிறார். அரசுரிமை யாருக்கு என்பதை விலங்கின் வாயிலாகத் தீர்ப்பளிக்கிறார். வெற்றிபெறப் போகிறவனை விலங்கு முன்னரே அறியும் என்பது வெற்றிபெற்றவர் எழுதுவிக்கும் கதை. பின்பு விஜிதபுர முற்றுகையில் உருக்கிய குழம்பு முதுகில் ஊற்றப்பட, கண்டுலன் வலிபொறாது நீரில் இறங்குகிறது. யானை வைத்தியர் மருந்திடுகின்றனர். அரசன் அதன் மத்தகத்தைத் தடவி, இலங்கைத் தீவு முழுவதையும் உனக்கே தந்தேன் என்று கூறி, எருமைத்தோல் போர்த்து மீண்டும் கதவுக்கே அனுப்புகிறான். தடவிய கையின் அன்பு உண்மையாகவே இருந்திருக்கலாம். ஆனால் தீவைத் தந்த சொல்லைவிட, தோல்வியில் தந்த கால்பங்கு உணவே என் மனத்தில் நிற்கிறது.

அநுராதபுரத்துத் தனிப்போரில் கண்டுலன் எல்லாளனின் யானையைக் கொம்பால் குத்த, எல்லாளனும் அவன் ஊர்ந்த யானையும் ஒருங்கே வீழ்ந்தனர். வீழ்ந்த யானையின் பெயர் மகாபர்வதம். கன்றை இழந்த பசுவும் குஞ்சை இழந்த பறவையும் அடித்த மணிக்கு எழுந்து வந்தவன் எல்லாளன் என்று அதே மகாவமிசந்தான் கூறுகிறது. அவனுடன் இறுதிவரை இருந்தது அந்த யானை. வென்றவன் வீழ்ந்த அரசனுக்குச் சேதியமெழுப்பி வழிபாடு வகுத்தது போற்றத்தக்க செயல். நம்மவர் அச்சேதியத்தைப் பற்றி மேடைதோறும் பேசுகின்றனர். மகாபர்வதத்தின் பெயரை எந்த மேடையிலும் கேட்டதில்லை. கிரேக்கர் இதில் நம்மினும் நினைவாற்றல் உடையவர். அலெக்சாந்தரோடு பொருத போரசின் யானை, தன் அரசன் புண்பட்டதை உணர்ந்து மெல்ல மண்டியிட்டு, அவன் உடலில் தைத்தவற்றைத் துதிக்கையால் ஒவ்வொன்றாக எடுத்தது என்று புளூட்டாக் எழுதிவைத்தார். அப்போரின் பின் இறந்த தன் குதிரையின் பெயரால் அலெக்சாந்தர் ஒரு நகரே அமைத்தான்.

ஏட்டுப் புலவர் மறந்ததை நாட்டுப் பாடகர் மறக்கவில்லை என்பதற்குத் தேசிங்குராசன் கதை சான்று. 1714இல் ஆர்க்காட்டு நவாபின் படையோடு பொருது மடிந்த செஞ்சி இளைஞனின் கதை அது. பெரிய எழுத்துப் பதிப்பாக வந்த அந்நூல் எங்கள் லயத்தில் ஒரே ஒரு படி இருந்தது. அட்டை போய், எண்ணெய் படிந்து, வீடுவீடாகச் சென்றது. படிக்கத் தெரிந்த ஒருவர் இராகத்தோடு படிக்க மற்றவர் கேட்பர். பாராசாரி என்னும் குதிரை அங்கே பெயரோடும் குணத்தோடும் வருகிறது. தோழன் மாவத்துகான் இசுலாமியன். அவனும் குதிரையும் தேசிங்குக்கு ஏறக்குறைய ஒரே தரத்து உறவினர். யாப்பும் சொல்லும் குறையுடையன என்று பண்டிதர் ஒதுக்கிய நூல் அது. கேட்டிருந்த கிழவிகள் தேசிங்கு வீழ்ந்த இடத்தைக் காட்டிலும் குதிரை அடிபட்ட இடத்தில்தான் முந்தானையை வாயில் வைத்தனர்.

நம் நாட்டில் அண்மையில் முடிந்த போரைப் பற்றிய நூல்கள் பல வெளிவந்துவிட்டன. அவற்றுள் விலங்கை இப்பார்வையோடு நோக்கியது எதனையும் யான் இன்னும் படிக்கவில்லை. 1977ஆம் ஆண்டு வன்செயலின் பின் ஊவாத் தோட்டங்களிலிருந்து வன்னிக்குச் சென்று குடியேறியோர் உளர். 1983இன் பின்னும் சென்றனர். என் சின்னம்மாவின் குடும்பம் அவற்றுள் ஒன்று. காடு வெட்டி, கிணறு தோண்டி, மாடு வளர்த்தனர். 2009ஆம் ஆண்டின் தொடக்கத்தில் கிளிநொச்சிப் பக்கத்திலிருந்து கிழக்கே அவர்கள் பெயர்ந்தபோது, மற்றவரைப் போலவே மாடுகளை அவிழ்த்துவிட்டுச் சென்றனர். செவலை என்னும் பசு மட்டும் பின்தொடர்ந்தது. தெருவோ சனத்தால் நிறைந்திருந்தது, எறிகணை வேறு. நெட்டிமையார் காலத்து அறிவிப்பு எவர்க்கும் செய்யப்படவில்லை. ஒரு மதகுவரை வந்த பசுவைச் சித்தப்பா மண்ணாங்கட்டியும் கல்லும் எறிந்து விரட்டினார்.

மீள்குடியேறியபின் கட்டாக்காலியாகத் திரிந்த மாடுகளுட் சில குறிபார்த்து உரியவரிடம் சேர்க்கப்பட்டன. சில தாமே பழைய பட்டிக்கு வந்தன. சின்னம்மா கொஸ்லந்தவுக்கு வரும்போதெல்லாம் அடுத்த வீட்டார்க்கும் எதிர்வீட்டார்க்கும் வந்து சேர்ந்தவற்றை நிறத்தோடும் கொம்போடும் எண்ணிச் சொல்வார். செவலை வரவில்லை என்பார். இழந்த வீட்டைப் பற்றியோ நகையைப் பற்றியோ அவர் அவ்வாறு பேசிக் கேட்டதில்லை. அவர் எழுத்தறியாதவர். எருமை வெளியனார் பாடலை எனக்கு விளக்கிய உரைகளுள் அவர் சொல்லே சிறந்தது.

சித்தப்பா அதைப் பற்றிப் பேசுவதில்லை. சென்ற தைப்பொங்கலுக்கு வந்திருந்தபோது இக்கட்டுரைக்காக முல்லைப்பாட்டை எடுத்து வைத்திருந்தேன். என்ன படிக்கிறாய் தம்பி என்று கேட்டார். மன்னன் உறங்காதிருக்கும் பகுதியைப் பொருள் கூறிப் படித்துக் காட்டினேன். யானைவரையும் கேட்டார். மறவர்வரையும் கேட்டார். அம்புபட்ட குதிரை செவி சாய்த்து உண்ணாமல் நிற்கும் இடம் வந்தபோது எழுந்து, வெளியே தொழுவத்துப் பக்கமாகப் போய்விட்டார்.